பெரியம்மையும் விட்டுப்போன ஒரு வாசலும்

இப்போது வைத்தியம் படிக்கிற பிள்ளைகள் வைரஸ்களைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்துப் படிக்கிறார்கள். இது உருண்டை, அது செங்கல் வடிவம், இதற்குள் இந்த அமிலம், அதற்கு மேலே ஒரு போர்வை என்று குலம் கோத்திரம் எல்லாம் பார்க்கிறார்கள். கல்யாணத் தரகர் தோற்றுப்போவார். படிக்கட்டும், நல்லதுதான். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் ஈப்போவில் ஓர் ஆஸ்பத்திரியில் டிரஸர் வேலைக்குப் படித்தவன் நான். டிரஸர் என்றால் டாக்டருக்குக் கீழே, தோட்டத்து நோயாளிகளுக்கு எல்லாமே அவன்தான்: கட்டுப் போடுபவன், மருந்து கலக்குபவன், பல் பிடுங்குபவன். எங்களுக்கு வகுப்பெடுத்த வெள்ளைக்கார டாக்டர் கரும்பலகையில் கோடு கிழித்து நோய்களைப் பிரித்துப் போட்டார். முதல் கட்டத்தில், பூதக்கண்ணாடிக் குழாயில் கண்ணை வைத்தால் கிருமி தெரிகிற நோய்கள். காலரா, காசம், குஷ்டம் எல்லாம் அங்கே. இரண்டாவது கட்டத்தில் மலேரியா மாதிரி, இரத்தத்துக்குள் பூச்சி குடியிருக்கிற நோய்கள். மூன்றாவது கட்டம்தான் வேடிக்கை. கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. நோயாளியின் கொப்புளத்து நீரைப் பீங்கான் குழாயில் ஊற்றி வடிகட்டினாலும் கிருமி அதில் நிற்காமல் ஊடுருவிப் போய்விடும். வடிந்த தண்ணீர் பளிங்காக இருக்கும், ஆனாலும் நோயைக் கொடுக்கும். அதற்குத்தான் வைரஸ் என்று பெயர். பெரியம்மை, சின்னம்மை, தட்டம்மை, புட்டாலம்மை, டெங்கு, இளம்பிள்ளை வாதம், வெறிநாய்க்கடி எல்லாவற்றையும் அந்த ஒரே கட்டத்துக்குள் அடைத்தார்.

வெறிநாய்க்கும் வீங்கிப்போன கன்னத்துக்கும் என்னய்யா சம்பந்தம்? நான் யோசித்துப் பார்த்தேன். எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை என்பது ஒன்றுதான் சம்பந்தம். அதைத் தவிர வேறு ஒரு விஷயமும் அந்தக் கட்டத்தில் பல பெயர்களுக்கு எதிரே எழுதப்பட்டிருந்தது: ஒரு முறை வந்தால் மறுமுறை வராது. நாங்கள் அதை வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தோம். அந்த வரிக்கு ஒரு முகம் உண்டு என்று அப்போது எனக்குத் தெரியாது.

நான் ஈப்போவை ஒட்டிய சிலிபினில் இன்னும் சில பேரோடு ஓர் அறையில் தங்கியிருந்தேன். பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு மத்தியானம், ரப்பர் பால் வாடை முன்னால் வர, பின்னால் என் மச்சான் வந்து நின்றார். என் அக்காவின் புருஷன். லகாட் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் மரம் வெட்டுகிறவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறவர். காலையில் பால் எடுத்து ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு, குளிக்கக்கூட இல்லாமல் கிளம்பி வந்திருக்கிறார்.

"மாப்ளே, ஒரு எட்டு வீட்டுக்கு வந்துட்டுப் போ."

"என்ன மச்சான், அக்காவுக்கு முடியலையா?"

"அவளுக்கு இல்ல. பயலுக்கு. தாயார் வந்திருக்கா."

அவ்வளவுதான் சொன்னார். எங்கள் ஜனங்கள் அம்மையை அம்மை என்று சொல்ல மாட்டார்கள். தாயார் வந்திருக்கிறாள், ஆத்தா விளையாடுகிறாள், முத்துப் போட்டிருக்கிறாள் என்பார்கள். நோயை நோய் என்று சொன்னால் வந்தவளுக்குக் கோபம் வந்துவிடுமாம். நான் சட்டையை மாட்டிக்கொண்டேன். பித்தானைப் போடாமலே படியிறங்கினேன். ஏனென்றால் அக்கா அப்போது நிறைமாதத்துக்குச் சமீபத்தில் இருந்தாள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பையனுக்கு வந்தது சின்னம்மை என்றால் கவலையில்லை. அக்கா மடியில் போட்டுத் தாலாட்டிக்கொண்டிருக்கலாம், ஒரு வாரம் போனால் எழுந்து ஓடுவான். பெரியம்மை என்றால் கதையே வேறு. பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து, தோட்டத்துக்கு வெளியே கொட்டகை போட்டு வைப்பார்கள். போனவர்களில் திரும்பி வராதவர்களும் உண்டு. வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு அது தொற்றினால் இரண்டு உயிரும் போகும் என்று எங்கள் டாக்டர் அழுத்திச் சொல்லியிருந்தார். ஆக, அந்த அறைக்குள் இரண்டு பிள்ளைகள் ஆபத்தில் இருந்தார்கள், ஒருவன் பாயில், ஒன்று வயிற்றில். நான் போய்ப் பார்த்துச் சொல்லப்போகிற ஒரு வார்த்தையில் எல்லாம் இருந்தது.

தோட்டத்து ஜனங்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்தில், அக்கா அறை வாசலில் வேப்பிலை கட்டியிருந்தது. நான் உள்ளே போவதற்குள் பக்கத்து அறைப் பெண்கள் வெளியில் நின்றபடியே தங்கள் தீர்ப்பைச் சொல்லிவிட்டார்கள். ஒருத்தி பாசிப்பயறு அம்மை என்றாள். இன்னொருத்தி இல்லையில்லை, மிளகம்மை என்றாள். கடுகு, கொள்ளு, வெந்தயம் என்று அவர்களும் முத்துகளை வகை பிரித்துத்தான் வைத்திருந்தார்கள். எங்கள் டாக்டர் கண்ணுக்குத் தெரியாததை வைத்துப் பிரித்தார், இவர்கள் சமையல்கட்டு டப்பாவை வைத்துப் பிரித்தார்கள். சிரிப்பாக இருந்தாலும், குறைந்தபட்சம் இவர்கள் கண்ணால் பார்த்துவிட்டுப் பேசினார்கள்.

அக்கா சுவரோடு சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். இரண்டு வயதுப் பையன் பாயில் வேப்பிலை மேல் கிடந்தான். என்னைப் பார்த்ததும் அவள் 'வா' என்றுகூடச் சொல்லவில்லை.

"பாத்துச் சொல்லு. பெருசா, சின்னதா?"

"இரு அக்கா, கதவைத் தொறக்கிறேன். வெளிச்சம் வேணும்."

"வெய்யில் படக்கூடாது. ஆத்தா தாங்க மாட்டா."

"ஆத்தா தாங்குவா. எனக்குத்தான் இருட்டுல கண்ணு தெரியாது."

கதவைத் திறந்தேன். சின்னம்மை முதுகிலும் வயிற்றிலும் அடர்த்தியாக வரும். கொப்புளம் மேலாக, தண்ணீர் போல இருக்கும். ஒன்று முளைக்கும்போதே இன்னொன்று காய்ந்திருக்கும். பெரியம்மை முகத்திலும் கையிலும் காலிலும் ஏறும். எல்லாம் ஒரே வயது. விரலால் தடவினால் தோலுக்கு அடியில் பயறு புதைந்த மாதிரி கெட்டியாக இருக்கும். உள்ளங்கையையும் உள்ளங்காலையும் விடாது. இதெல்லாம் எனக்குத் தலைகீழாகப் பாடம். முதுகைப் பார்த்தேன், கொஞ்சமாக இருந்தது. முகத்தைப் பார்த்தேன். பார்த்த பிறகும் என் மனசு, இது சின்னது, இது சின்னது என்றே அடித்துக்கொண்டிருந்தது.

உள்ளங்கை ஒன்றுதான் பாக்கி. பையன் கையை இறுக்கி மூடிக்கொண்டிருந்தான். நான் விரலை நுழைத்தபோது, மாமன் விளையாட வந்திருக்கிறான் என்று நினைத்தானோ என்னவோ, விரலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். பிடியிலிருந்து விரல் விரலாகப் பிரிக்க வேண்டியதாயிற்று. உள்ளங்கையில் முத்து இருந்தது.

"பெருசுக்கா," என்றேன்.

அவள் அழவில்லை. என்னை முறைத்தாள்.

"நல்லாப் பாத்துச் சொல்லு. நீ இன்னும் பரீட்சையே பாஸ் பண்ணல."

அட என் அக்காவே! அந்த நேரத்திலும் குத்துவதற்கு அவளுக்கு ஊசி கிடைத்துவிட்டது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பையனுக்கு ஏன் அம்மை குத்தவில்லை என்று கத்தினேன். தோட்டத்தில் பிறக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் கையில் கீறி அம்மைப்பால் வைக்க ஓர் ஆள் வருவதுண்டு. அவன் வரவில்லையா?

வந்திருக்கிறான். ஆனால் அவன் வந்த சமயத்தில் மாரியம்மன் திருவிழாவுக்கு அக்கா காப்புக் கட்டியிருந்திருக்கிறாள். மஞ்சள் கயிறு கையில் இருக்கும்போது வீட்டில் இரத்தம் சிந்தக் கூடாது. பையன் கையைக் கீறினால் சொட்டு இரத்தமாவது வருமே! அதனால் அவனைத் தூக்கிக்கொண்டு பால்மரக் காட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். காப்பு அவிழ்த்ததும் குத்திக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அந்த ஆள் திரும்பி வரவே இல்லை. அம்மை வராமல் காக்கிற தெய்வத்துக்காக, அம்மை வராமல் காக்கிற ஊசிக்குப் பிள்ளையை ஒளித்து வைத்திருக்கிறாள். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் நான் மச்சானைத் திட்டினேன். பாவம், அவர் வாசல்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டார்.

"அது இல்லடா காரணம்," என்றாள் அக்கா. குரல் அப்போதுதான் உடைந்தது. "நான் ஒரு வாசலை விட்டுட்டேன்."

அந்தத் திருவிழாவில் அவள் மடிப்பிச்சை எடுத்திருந்தாள். பையன் பிறந்ததற்காக வைத்திருந்த வேண்டுதல். மஞ்சள் புடவை கட்டி, முந்தானையை ஏந்திக்கொண்டு, லயத்தில் ஒவ்வொரு வாசலாகப் போய் நின்று, "மாரியாத்தாளுக்கு மடிப்பிச்சை" என்று கேட்க வேண்டும். போடுகிற அரிசியை ஒன்றாகச் சேர்த்துக் கூழ் காய்ச்சி எல்லாருக்கும் ஊற்ற வேண்டும். பிச்சை என்று வந்துவிட்டால் மேல் கீழ் பார்க்கக் கூடாது, ஒரு வாசலையும் விடக் கூடாது. அக்கா கடைசி அறையை விட்டுவிட்டாள்.

கடைசி அறையில் ஒரு பெண் தனியாக இருந்தாள். புல் வெட்டும் கூட்டத்தில் வேலை. சின்ன வயதில் பெரியம்மை வந்து முகமெல்லாம் குழி. புருஷன் செத்துப்போனான். அவள் முகத்தில் விழித்தால் ஆகாது என்று லயத்தில் சில பேர் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். அதோடு தண்ணீர்க் குழாயடியில் அவளுக்கும் அக்காவுக்கும் ஒரு முறை வாய்த்தகராறு. இரண்டு பேருக்கும் நாக்கு நீளம். 'பிள்ளை உள்ள வீடு, அவ கையரிசி வேணாம்' என்று அக்கா அந்த வாசலைத் தாண்டித் திரும்பி வந்துவிட்டாள். அந்தப் பெண் சுளகில் அரிசியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாளாம்.

"ஆத்தா கணக்கு வச்சிருக்கா," என்றாள் அக்கா.

நான் டிரஸர் பரீட்சையின் வாசலில் நிற்கிறவன். அப்படியெல்லாம் இல்லை என்றேன். கிருமி, வடிகட்டி என்று ஏதோ உளறினேன். கண்ணுக்குத் தெரியாத ஒன்று ஊடுருவி வந்து பிடித்துக்கொண்டது என்று நானும் சொன்னேன், அவளும் சொன்னாள். இன்று நினைத்தால், அந்தக் கணத்தில் எங்கள் இருவர் பேச்சிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

தோட்டத்து ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கிற கிராணியிடம் ஓடினேன். அவர் ஈப்போவுக்குச் சேதி அனுப்பினார். மறுநாள் காலையில் எங்கள் டாக்டரே மோட்டாரில் வந்து இறங்கினார். பையனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையை ஆட்டினார். அவ்வளவுதான். பரீட்சையில் ஒரு கேள்விக்குச் சரியாக விடை சொல்லிவிட்டேன். சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று இருந்தது.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. லயத்தில் எல்லாரையும் பெரட்டுக் களத்தில், அதாவது காலையில் பெயர் கூப்பிடுகிற இடத்தில், வரிசையாக நிறுத்திக் கையில் கீறி அம்மைப்பால் வைத்தார்கள். அக்காவுக்கும்தான். ஓடைக்கு அந்தப் பக்கம், ரப்பர் தட்டுகளுக்குப் புகை போடுகிற பழைய கொட்டகை ஒன்று சும்மா கிடந்தது. அதைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். பையன் அங்கே போக வேண்டும். யார் கூடப் போவது?

"நான்தான் போவேன்," என்றாள் அக்கா. "எம்புள்ளைக்கு நான் இல்லாம யாரு?"

டாக்டர் அவள் வயிற்றைக் காட்டி முடியாது என்றார். மச்சான் முன்னால் வந்தார். இப்போதுதான் கீறியிருக்கிறது, அது பிடித்து வேலை செய்ய நாளாகும், அதுவரை உனக்கும் ஆபத்து என்றார் டாக்டர். பிறகு என்னிடம் இங்கிலீஷில் ஒரு கேள்வி கேட்டார். நான் அதைத் தமிழில் சத்தமாகச் சொன்னேன்.

"இந்த நோய் ஏற்கெனவே வந்து பொழைச்சவங்க யாராவது இருக்கீங்களான்னு துரை கேக்கிறாரு. அவங்களுக்கு மறுபடி வராது."

எல்லார் பார்வையும் தரையில். ஒருவரும் திரும்பிப் பார்க்காமலே, வரிசையின் கடைசியில் நின்ற பெண்ணை எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது நன்றாகத் தெரிந்தது.

"ஏன், என் மூஞ்சியப் பாத்தாத் தெரியலையா?" என்றாள் அவள். "நித்தம் பாத்துப் பாத்துத் திரும்பிக்கிட்டீங்களே, இன்னிக்கு மட்டும் எல்லாருக்கும் கண்ணு அவிஞ்சு போச்சோ?"

அவள் களத்தைக் கடந்து நேரே டாக்டர் முன்னால் வந்து நின்று முகத்தை நிமிர்த்திக் காட்டினாள். அந்த வெள்ளைக்காரர் தொப்பியைக் கழற்றினார். வெயிலுக்காகவோ மரியாதைக்காகவோ, எனக்குத் தெரியாது. நான் கரும்பலகையின் மூன்றாவது கட்டத்தில் படித்த வரி, 'ஒரு முறை வந்தால் மறுமுறை வராது', என் எதிரில் நின்று வெற்றிலை மென்றுகொண்டிருந்தது. லயமே ஒதுக்கி வைத்த முகம்தான் அந்தக் கொட்டகைக்குள் போவதற்கு அனுமதிச் சீட்டு.

அக்கா அறையிலிருந்து பையனைத் தூக்கி வந்ததும், அந்தப் பெண் கை நீட்டினாள். அக்கா பையனைக் கொடுக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. நான் காதோரம் கெஞ்சினேன், "ஒரு வார்த்தை சொல்லுக்கா." அவளால் முடியவில்லை. வெட்கமா, பயமா, இரண்டுமா, பையனைச் சுற்றியிருந்த துணியை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் அந்தப் பெண்ணே பையனை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, "சூசா பண்ணாத, தொந்தரவு குடுக்காம விடு," என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

நோயாளியைத் தொட்டவன் என்று என்னையும் ஈப்போவுக்குத் திரும்ப விடவில்லை. பரீட்சை போயிற்று. கயிற்றுக்கு வெளியே நின்று சோறும் மருந்தும் எடுத்துக் கொடுக்கிற வேலை எனக்கு. ஓடைக்கரையில் ஒரு கல் மேல் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பேன், அவள் வந்து எடுத்துக்கொள்வாள். டாக்டர் புண்களைக் கழுவ ஊதா நிற மருந்துத் தண்ணீர் கொடுத்தனுப்பினார்.

"என்னா தம்பி இது, கத்திரிக்காய அலசுன தண்ணியா?" என்றாள்.

"கிருமியைக் கொல்லும்."

"அந்தக் கிருமிய நீ பாத்தியா?"

"பாத்ததில்ல. யாருமே பாத்ததில்ல."

"அப்ப நீயும் எங்க ஆளுதான்," என்று சிரித்தாள். ஊதாத் தண்ணீரிலும் கழுவினாள், வேப்பிலைத் தண்ணீரிலும் கழுவினாள். நான் தடுக்கவில்லை. வைசூரி வந்துவிட்ட பிறகு அதற்கு மருந்து கிடையாது என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் ஓர் ஆள் இருந்து தண்ணீர் கொடுத்து, ஈ ஓட்டி, புண்ணைச் சொறியாமல் கையைப் பிடித்துக்கொள்வதுதான் வைத்தியம். அதற்கு எங்கள் பட்டியலில் ஒரு கட்டமும் இல்லை.

முத்துகள் சீழ் கோத்தபோது காய்ச்சல் மறுபடி ஏறியது. பையன் முகம் வீங்கி, கண் இரண்டும் மூடிக்கொண்டன. அக்கா தினமும் பின்னேரம் ஓடைக்கு இந்தப் பக்கம் வந்து ஒரு மரத்தடியில் நிற்பாள். அங்கிருந்து பிள்ளை தெரியாது, கொட்டகையின் கூரைதான் தெரியும். "என்ன சொல்றா?" என்று என்னைக் கேட்பாள். அந்தப் பெண்ணிடம் நேராகக் கேட்க வாய் வராது. நான் இங்கும் அங்கும் சேதி சுமந்தேன். நடுவில் ஓடும் ஓடையோ, இவள் சத்தமாக மூச்சு விட்டாலே அவளுக்குக் கேட்கிற அகலம். இந்தப் பொம்பளைகளோடு பெரிய ரோதனை என்று எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

ஒரு நாள் அந்தப் பெண் கயிற்றருகில் ஓடி வந்தாள். முகத்தில் கேலி இல்லை.

"தம்பி, எடது கண்ணு தெறக்கவே மாட்டேங்குது. தெறந்தாலும் வெள்ளையா இருக்கு. ஏதாவது குடு. சீக்கிரம் ஓடு."

ஓடினேன். கண்ணுக்கு விடுகிற மருந்து வந்தது. அவள் விட்டாள். வலது கண் பிழைத்தது, இடது கண்ணில் பூ விழுந்துவிட்டது. அதை நான் அக்காவிடம் சொன்னபோது, அவள் மரத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள். பிறகு கேட்டது ஒன்றுதான். "உசுரு?"

"உசுரு இருக்குக்கா. கஞ்சி குடிச்சானாம். அந்தம்மா மடியை விட்டு எறங்க மாட்டேங்கிறானாம்."

அதைக் கேட்டு அக்கா அழுதாள். சந்தோஷத்துக்கு அழுதாளா, பிள்ளை இன்னொருத்தி மடிக்குப் பழகிவிட்டானே என்று அழுதாளா, நான் கேட்கவில்லை. என் கண்ணும் கலங்கிப்போயிருந்தது.

பொருக்கெல்லாம் உதிர்ந்து, டாக்டர் வந்து பார்த்து, போதும் என்று சொல்லிக் கயிற்றை அவிழ்க்கச் சொன்னார். கொட்டகையிலிருந்த பாய், துணி எல்லாவற்றையும் கொளுத்தினோம். குளித்து, நான் கொண்டுபோன புதுச் சேலையைக் கட்டிக்கொண்டு, பையனைத் தூக்கிக்கொண்டு அந்தப் பெண் ஓடையைத் தாண்டி வந்தாள். லயத்து ஜனம் எல்லாம் தள்ளி நின்று பார்த்தது. பையன் முகமும் அவள் முகமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. தெரியாதவன் பார்த்தால் அவளுடைய பிள்ளை என்றே சொல்வான்.

அக்கா ஓடி வந்து பிள்ளையைப் பறித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் வேகமாக நடக்கிற நிலைமையிலும் இல்லை. வயிற்றைத் தாங்கிக்கொண்டு மெல்ல வந்து, அவளுக்கு எதிரில் நின்றாள். பிறகு முந்தானையை விரித்து இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்தாள்.

"மாரியாத்தாளுக்கு மடிப்பிச்சை," என்றாள்.

அந்தப் பெண், விரித்த முந்தானையைப் பார்த்தாள், அக்கா முகத்தைப் பார்த்தாள். அவசரப்படவே இல்லை.

"அன்னிக்கே எம்வாசல்ல வந்து நீட்டியிருந்தா, ஒரு பிடி அரிசியோட போயிருக்கும்," என்று சொல்லி, பையனைத் தூக்கி அந்த மடியில் வைத்தாள்.

பையன் பழைய மடியை அடையாளம் தெரியாமல் வீறிட்டான். நல்ல கண்ணால் ஒரு நிமிஷம் அம்மாவைப் பார்த்தான். பிறகு அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்தான். அக்கா அவனைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள், ஆனால் முந்தானையின் ஒரு நுனியை இன்னும் விடாமல் நீட்டிக்கொண்டிருந்தாள்.

"அரிசியும் போடுக்கா," என்றாள்.

அந்தப் பெண் தன் அறையைத் திறந்தாள். இத்தனை நாள் பூட்டிக் கிடந்த அரிசியில் வண்டு விழுந்திருந்தது. புடைத்துத் தருகிறேன் என்றாள். வேண்டாம், அப்படியே போடு என்றாள் அக்கா. அன்று லயத்து முன்னால் கூழ் காய்ச்சினார்கள். நான் குடித்த கூழிலேயே ஒரு வண்டு கிடந்தது. எடுத்து எறிந்துவிட்டு மிச்சத்தைக் குடித்தேன்.